தேட்டம் யாருடையது?

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் ஒரு காணி கைமாறும்போது, நொத்தாரிசு பழைய உறுதியை விரித்து வைத்துக்கொண்டு விலைக்கு முன்பாக இன்னொன்றைக் கேட்பார்: இது உங்களுக்கு என்ன வழியிலே வந்தது? பதில் பெரும்பாலும் மூன்று சொற்களுள் ஒன்றாக இருக்கும். முதுசம், சீதனம், தேட்டம். காணியின் பெயர், பரப்புக் குழிக் கணக்கு, நாலு திசை எல்லை, கிணற்றுப் பங்கு, வாய்க்கால், வழி என்று நீண்டு போகும் உறுதியில் இந்தச் சொல் ஒரே ஒரு தடவை வந்தாலும் போதும். அந்தக் காணியை யார் விற்கலாம், யார் கையொப்பம் வைக்கவேண்டும், உரியவர் கண்மூடினால் அது யாரிடம் போகும் என்பதையெல்லாம் அந்த ஒரு சொல் தீர்மானித்துவிடும்.

முதல் இரண்டும் கையேற்ற சொத்தைக் குறிப்பவை. முதுசொம் என்ற பழஞ்சொல்தான் பேச்சில் முதுசம் ஆனது. பெற்றோர் வழியாகவும் அவர்களுக்கு முந்தியவர்கள் வழியாகவும் இறங்கி வருவது அது. சீதனம் பெண் கலியாணத்தோடு கொண்டுவருவது. மூன்றாவதான தேட்டம் மட்டுமே மனிதர் தம் வாழ்நாளில் தாமே உண்டாக்கிக்கொண்டது. பொருளீட்டலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுக்குள் ஒன்று சட்டத்துக்குள் நுழைந்து, முந்நூறு ஆண்டுகளாக நீதிமன்றங்களில் வாதிக்கப்பட்டு, அதே வேளையில் வீட்டுப் பேச்சிலும் தேயாமல் இருக்கிறதென்றால் அது தேட்டம்தான். ஆனால் வீட்டில் அந்தச் சொல் சொல்வதும் சட்டத்தில் அது சொல்வதும் இன்று ஒன்றல்ல. அந்த விலகல் எப்படி வந்தது, அதனால் யாருக்கு இழப்பு என்பதே இங்கே என் அக்கறை.

ஆடு என்பதிலிருந்து ஆட்டம், நாடு என்பதிலிருந்து நாட்டம், கூடு என்பதிலிருந்து கூட்டம் பிறப்பதுபோலத் தேடு என்பதிலிருந்து தேட்டம் பிறந்தது. அகராதிகள் இதற்குத் தேடிய பொருள் என்றும் விருப்பம் என்றும் இரு பொருள் தருகின்றன. இரண்டும் ஒரே வேரில் இருப்பது இயல்பே. விரும்பாததை எவரும் தேடுவதில்லை. தமிழில் பொருளோடு சேரும் வினைகள் பல. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே பொருள்செயல்வகை என்று பெயரிட்டார். அங்கே பொருள் செய்யப்படுவது. ஈட்டுதல் சிறுகச் சிறுகச் சேர்ப்பதைச் சொல்கிறது. சம்பாதித்தல் வடமொழி வழி வந்து தமிழ்நாட்டில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னே நிற்கிறது. பணம் பண்ணுதல் என்றால் கேட்பவருக்கே ஒரு சந்தேகம் எழும். தேடுதல் இவற்றிலிருந்து வேறுபட்டது. தேடுகிறவர் வீட்டை விட்டு வெளியே போகவேண்டும்; கிடைக்கும் என்ற உறுதி இல்லாமலே போகவேண்டும். ஔவையார் பெயரில் வழங்கும் கொன்றை வேந்தன் கடல் கடந்தேனும் செல்வம் தேடும்படி பிள்ளைகளுக்குச் சொல்கிறது. தேடாமலே செலவழிப்பவர் துன்பத்தில் முடிவார் என்றும் அதே நூல் எச்சரிக்கிறது. அரிச்சுவடியோடு இதைப் படித்த சமூகம் பொருளுக்குத் தேடு என்ற வினையையே பொருத்திக்கொண்டதில் வியப்பில்லை.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் தேட்டத்துக்கு ஒரு கூட்டாளிச் சொல் உண்டு: உழைப்பு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதில் அடிக்கடி தடுமாறுவார்கள். அங்கே உழைப்பு என்றால் பாடுபடுதல். இங்கே அது வருமானம். "பெடியனுக்கு என்ன உழைப்பு?" என்று கலியாணம் பேச வந்தவர் கேட்டால், மாப்பிள்ளை எவ்வளவு வியர்வை சிந்துகிறார் என்று அவர் கேட்கவில்லை, மாதம் கையில் என்ன வருகிறது என்று கேட்கிறார். "வெளியிலை போய் நல்லாக் காசு உழைச்சவன்" என்பதில் உழை என்ற வினை காசைச் செயப்படுபொருளாக எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டு வழக்கில் ஒருவர் உழைக்கலாம், காசை உழைக்க முடியாது. இது வெறும் பேச்சுவழக்கும் அல்ல. இலங்கைத் தமிழ்க் கணக்கியற் பாடநூல்களில் பங்கொன்றுக்கான உழைப்பு என்றுதான் இருக்கிறது. ஒரு கம்பனியின் இலாபத்தை அதன் பங்குகளுக்குப் பிரித்துக் கணிக்கும் எண் அது. உடல் வருத்தமே இல்லாத அந்த இடத்திலும் உழைப்பு என்ற சொல் கூச்சமின்றி நிற்கிறது.

உழைப்பும் தேட்டமும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஊரவர் இரண்டையும் கவனமாகப் பிரித்தே பேசுவார்கள். உழைப்பு வந்து போவது; தேட்டம் தங்கி நிற்பது. "நல்ல உழைப்புத்தான், தேட்டம் ஒண்டுமில்லை" என்றால் வந்த காசெல்லாம் நிற்காமல் ஓடிப்போயிற்று என்று பொருள். சம்பளம் தேட்டமல்ல. அந்தச் சம்பளத்தில் வாங்கின நாலு பரப்புத் தோட்டக் காணி தேட்டம், கட்டின வீடு தேட்டம், வெட்டின கிணறு தேட்டம், மகளுக்குச் செய்து வைத்த சங்கிலி தேட்டம். இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. உழைப்பு என்று சொல்லும்போது அது ஒருவருடையது: அவன்ரை உழைப்பு, அவளின்ரை உழைப்பு. தேட்டம் என்று வந்ததும் இலக்கணம் பன்மைக்கு மாறிவிடும். "இது நாங்கள் தேடினது", "அப்புவும் ஆச்சியும் தேடின வளவு" என்றே பெரும்பாலும் காதில் விழும். தனி ஒருவர் உழைத்தது குடும்பத்தின் தேட்டமாக மாறும் இடத்தில் மொழியே ஒரு சொத்துரிமையை எழுதிவைத்திருக்கிறது.

அந்த உரிமை தாளில் ஏறியது ஒல்லாந்தர் காலத்தில். தேசாதிபதி கொர்னேலிஸ் யொவான் சீமன்ஸ் 1706 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வழமைகளை எழுதித் தரும்படி கட்டளையிட்டார். அதைச் செய்தவர் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ். முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாழ்ப்பாணத்திலேயே இருந்தவர். 1707 தொடக்கத்தில் அவர் தொகுப்பை முடித்தார். அது தமிழாக்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டது. நாட்டு வழக்கம் இதுவே என்று அவர்கள் ஒப்பிய பின் அந்த ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அதுதான் தேசவழமை. நூறு ஆண்டு கழித்து ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்கு முழுச் சட்ட வலுவும் கொடுத்தார்கள்.

சண்டிலிப்பாய்க்கு இந்தக் கதையில் ஓர் இலக்கியத் தொடர்பு உண்டு. ஊரின் கல்வளைப் பிள்ளையார் மீது கல்வளையந்தாதி பாடியவர் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர். அவருடைய தந்தை வில்லவராய முதலியார் தேசவழமைத் தொகுப்பில் பங்குகொண்டவர் என்று புலவர் வரலாறு எழுதியவர்கள் குறிக்கிறார்கள். தந்தை நாட்டின் சொத்து வழக்கத்துக்குச் சாட்சியாக நின்றார். மகன் நாட்டின் கோயில்களைப் பாடினார். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் சட்டமும் தமிழும் ஒரே வீட்டுத் திண்ணையில் இருந்தன என்பதை இது காட்டுகிறது. தேசவழமையின் முக்கிய சொற்கள் ஒல்லாந்த மொழிக்குள் மொழிபெயர்க்கப்படாமல் தமிழாகவே போனதற்கு அந்தத் திண்ணையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தேசவழமை சொத்தை மூன்றாகப் பிரித்தே தொடங்குகிறது. கணவன் கொண்டுவந்தது முதுசம், மனைவி கொண்டுவந்தது சீதனம், இருவரும் சேர்ந்து வாழும் காலத்தில் வந்தது தேடிய தேட்டம். தமிழில் இது அழகான தொடர். தேடிய என்பது பெயரெச்சம். யார் தேடியது என்று அது சொல்வதில்லை. கணவன் தேடிய என்றும் இல்லை, மனைவி தேடிய என்றும் இல்லை. எழுவாய் இல்லாமல் நிற்கும் அந்தத் தொடர்தான் அன்றைய சட்டத்தின் கருத்தும்கூட. எவர் கையால் வந்தாலும் அது வீட்டுக்கு வந்தது. நிர்வாகம் கணவன் கையில் இருந்தது உண்மை. அதை மறைத்து அந்தக் காலத்தைப் புகழ்வது சரியாகாது. ஆனாலும் உரிமையில் பாதி மனைவிக்கு என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தது.

இதே தொகுப்பில் இரண்டு செய்திகள் என்னை நிறுத்திவைக்கின்றன. முன்னைய காலத்தில் பெண்களுக்குத் தாயின் சீதனத்திலிருந்தே சீதனம் கொடுக்கப்பட்டது. போர்த்துக்கேயர் காலத்து மாற்றங்களுக்குப் பிறகு முதுசம், சீதனம், தேட்டம் என்ற பிரிவு பாராமல் எதிலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று அது பதிவுசெய்கிறது. பெற்றோர் தேடியது மகளின் சீதனமாக உருமாறும் வழி அங்கே திறந்தது. அடுத்த தலைமுறையில் அந்தச் சீதனம் பேரப்பிள்ளைகளின் முதுசமாகும். ஒரே காணி மூன்று தலைமுறையில் மூன்று பெயர் பெறும். சண்டிலிப்பாயில் இன்று முதுசம் என்று பெருமையாகச் சொல்லப்படும் எந்தக் காணியும் ஒரு நாள் யாரோ ஒரு கணவனும் மனைவியும் தேடின தேட்டமாகவே இருந்திருக்கும்.

மற்றது, கலியாணம் செய்யாத ஆண்பிள்ளைகளின் உழைப்பைப் பற்றியது. அவர்கள் உழைப்பது பெற்றோரின் பொதுச் சொத்தில் சேரவேண்டும். உடம்பில் அணிந்த பொன் வெள்ளி நகைகள் மட்டும் அவர்களுக்கு. 1707 இல் எழுதிவைத்த இந்த விதியைப் படிக்கும்போது பாரிசிலும் ரொறன்ரோவிலும் இரண்டு வேலை செய்து, இரண்டு மூன்று தங்கைமாரைக் கரைசேர்த்த பிறகே தன் கலியாணத்தை நினைத்த அண்ணன்மார் கண்முன்னே வருகிறார்கள். அவர்களை எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தவில்லை. வழமை சட்டத்தைவிட ஆழமாக ஓடுகிறது.

தேட்டம் எப்படி இருவருடையதாகிறது என்பதைப் புரிந்துகொள்ளப் பழைய தோட்டச் செய்கையைப் பார்க்கவேண்டும். சண்டிலிப்பாய் வழுக்கையாறு ஓடும் பக்கம். ஆனாலும் அது மாரியில் மட்டும் ஓடும் ஆறு. வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் கிணற்று நீரை நம்பியே நின்றன. இறைப்பு மெசின் வருவதற்கு முன்னே துலாவால் இறைத்தார்கள். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். கிணற்றடியில் நிற்பவர் பட்டையைப் பிடித்து நீரைத் தொட்டியில் ஊற்றுவார். மூன்றாமவர் தோட்டத்துக்குள் நின்று மண்வெட்டியால் வரம்பை வெட்டியும் அடைத்தும் பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறுவார். மிதிப்பவரும் பட்டை பிடிப்பவரும் பெரும்பாலும் ஆண்கள். தண்ணி மாறுவது பல வீடுகளில் பெண்களோடும் பிள்ளைகளோடும் இருந்த வேலை. மூவரில் ஒருவர் இல்லாவிட்டால் இறைப்பு நடக்காது. புல்லுப் பிடுங்குவது, வெங்காயம் கிண்டிப் பிடி கட்டுவது, மாட்டுக்குத் தவிடு கரைத்து வைப்பது, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்குவது என்று மனைவியின் கைபட்டவற்றுக்குக் கணக்கே இல்லை. முட்டை விற்ற காசையும் பால் விற்ற காசையும் சீட்டில் கட்டி, சீட்டு எடுத்த காசைக் காணி வாங்கும்போது முந்தானையில் இருந்து அவிழ்த்துக் கொடுத்த ஆச்சிமார் எத்தனை பேர்! உறுதியில் மட்டும் அப்புவின் பெயர் இருக்கும். ஆனால் அது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. பெயர் யாருடையதானாலும் தேட்டம் இருவருக்கும் என்பதே ஊரறிந்த நியாயம்.

1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த நியாயத்தை எழுத்தில் தெளிவாக்கியது. யாழ்ப்பாணத் தமிழரின் விவாக உரிமைகளையும் மரபுரிமையையும் பற்றியது அது. கணவனோ மனைவியோ விவாக காலத்தில் பெறுமதியான கைமாறு கொடுத்துப் பெற்ற சொத்தும், இருவரில் எவருடைய தனிச் சொத்திலிருந்தும் அக்காலத்தில் வந்த இலாபமும் தேட்டம் என்று வரையறுத்தது. ஒருவரால் பெறப்பட்டு ஒருவரின் பெயரில் இருந்தாலும் அது இருவருக்கும் பொதுவானது, இருவருக்கும் சம உரிமை உண்டு என்றும் சொன்னது. இதன் அருமை விளங்க இலங்கையின் மற்றப் பகுதிகளை நினைக்கவேண்டும். உரோம ஒல்லாந்தச் சட்டத்தோடு வந்த கணவன் மனைவி பொதுச்சொத்து முறையை 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நீக்கிவிட்டது. தீவின் பொதுச் சட்டம் கைவிட்ட ஒன்றை யாழ்ப்பாணம் தன் சொந்தச் சொல்லுக்குள் காப்பாற்றி வைத்திருந்தது.

1911 இன் வரையறையில் ஒரு குறை இருந்தது. முதுசக் காணி ஒன்றை விற்று அந்தக் காசில் வேறு காணி வாங்கினால், புதுக் காணி கைமாறு கொடுத்து வாங்கியது என்பதால் எழுத்துப்படி தேட்டமாகிவிடும். சீதனக் காசில் மனைவியின் பெயரில் வாங்கியதற்கும் அதே கதி. அப்பன் பாட்டன் சொத்து பெயர் மாறி அடுத்த குடும்பத்துக்குள் போகிறதே என்ற மனக்குறை எழுந்தது. வழக்குகள் பெருகின. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கத் திருத்தம். தனிச் சொத்தையோ அதற்கு ஈடான பணத்தையோ கொடுத்துப் பெற்றது தேட்டம் ஆகாது என்று அது சொன்னது. இதுவரை நியாயமே.

ஆனால் திருத்தம் அங்கே நிற்கவில்லை. கணவனோ மனைவியோ தேடியது என்றிருந்ததை அந்தத் துணைவர் தேடியது என்று மாற்றியது. இருவருக்கும் பொது என்ற பிரிவு நீங்கியது. இப்போதைய ஏற்பாட்டின்படி தேட்டம் அதைப் பெற்றவருக்கே சொந்தம். அவர் இறக்கும்போது, மரண சாசனத்தாலோ வேறு வழியாலோ கொடுத்துவிடாமல் எஞ்சியதில் பாதி துணைவருக்கும் பாதி உரித்தாளருக்கும் போகும். உயிரோடிருக்கும்போது அவர் விற்கலாம், ஈடு வைக்கலாம், நன்கொடை எழுதலாம். 1986 இல் இலங்கை உயர் நீதிமன்றமும் இந்த வழியிலேயே பொருள்கொண்டது. எழுவாய் இல்லாமல் இருந்த தேடிய தேட்டத்துக்கு 1947 ஓர் எழுவாயைக் கொடுத்தது; அந்த எழுவாய் பெரும்பாலும் உறுதியில் பெயர் உள்ள கணவன். பழுதுபார்க்க வந்தவர்கள் வீட்டின் நடுச்சுவரையே இடித்துவிட்டார்கள் என்பதே என் முடிவு.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொரு விதி அதே 1911 சட்டத்தில் இருக்கிறது. கலியாணம் செய்த பெண் தன் சொந்த நிலத்தை, அது சீதனமாக இருந்தாலும், கணவனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ நன்கொடை கொடுக்கவோ முடியாது. மரண சாசனம் மட்டும் எழுதலாம். கணவனுக்கு இப்படி ஒரு தடை இல்லை. 1923 இல் வந்த விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் நாட்டின் பொதுச் சட்டத்துக்குட்பட்ட பெண்களை இந்தக் கட்டிலிருந்து விடுவித்தது. தேசவழமைக்குட்பட்ட பெண்களுக்கு அது பொருந்தவில்லை. ஆக, பாதுகாப்பான பங்கு போயிற்று, பழைய கட்டு அப்படியே இருக்கிறது. கணவன் கைவிட்டிருந்தால், அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது காரணமின்றிச் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் சம்மதம் வழங்கலாம் என்று சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. போரில் கணவனைத் தொலைத்த பெண், தன் தாய் தந்த வளவை விற்க அந்த நீதிமன்றப் படியேறவேண்டியிருப்பது எவ்வளவு கொடுமை என்பதை விளக்கவேண்டியதில்லை.

தமிழ்நாட்டு ஆவணங்களில் தேட்டத்துக்கு நெருங்கிய சொல் சுயார்ஜிதம். பூர்வீகச் சொத்துக்கு எதிராக வைக்கப்படுவது அது. தானே சம்பாதித்தது என்ற அந்தச் சொல்லிலேயே சுயம் இருக்கிறது, மனைவிக்கு அதில் இடமில்லை. அந்த மண்ணில் 2023 ஜூனில் ஒரு தீர்ப்பு வந்தது. கணவன் பல ஆண்டுகள் சவூதி அரேபியாவில் வேலைசெய்து பணம் அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்து வீட்டைக் காத்தார். பின்னர் சொத்து யாருடையது என்று வழக்கு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் இராமசாமி, மனைவியின் வீட்டு உழைப்பும் அந்தச் சொத்தை வாங்குவதில் பங்களித்தது, ஆகவே அவருக்கும் சம பங்கு உண்டு என்று தீர்த்தார். சட்டத்தில் நேரடியான வழி இல்லாத இடத்தில் நியாயத்தைக் கொண்டு அவர் அங்கே வந்து சேர்ந்தார். நமக்கு அந்த நியாயம் 1911 இல் சட்டமாகவே இருந்தது. அதை நாமே விட்டுவிட்டோம்.

வெளிநாட்டுத் தேட்டம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மலாயாவின் புகையிரதத் திணைக்களத்துக்கும் அரச கந்தோர்களுக்கும் எழுதுவினைஞர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் போனவர்கள் மணியோடரில் காசு அனுப்பினார்கள். ஓய்வுபெற்று வந்து மலாயன் பென்சனியர் என்று ஊரில் மதிப்போடு இருந்தார்கள். வலிகாமத்து ஊர்கள் பலவற்றின் கல்வீடுகளும் கோயில் மண்டபங்களும் அந்தக் காசில் எழுந்தவை. 1983 க்குப் பிறகு ஐரோப்பாவும் கனடாவும். வங்கிகள் மூடிக்கிடந்த காலத்தில் உண்டியல் வழியாகக் காசு வந்தது. அங்கே ஒருவர் கையில் கொடுத்தால் இங்கே ஒருவர் வீட்டு வாசலில் எண்ணிக்கொடுப்பார். மனைவி அந்தக் காசைச் செலவுக்கு எடுத்து, மிச்சத்தைச் சேர்த்து, அயலில் விலைக்கு வந்த காணியைப் பேசித் தீர்த்து, மதிலும் கட்டுவித்து, எல்லைச் சண்டையையும் தானே நின்று பார்த்தார். உறுதி பலவேளை அற்றோணித் தத்துவத்தோடு கணவனின் பெயரிலேயே முடிந்தது. இப்போது அந்தக் காணியின் தேட்டக்காரர் யார்? ஊரிலே கேட்டால் இருவரும் என்பார்கள். சட்டத்தைக் கேட்டால் பெயருள்ளவர் என்றே பதில் வரக்கூடும். அதுமட்டுமல்ல, தேசவழமை யாழ்ப்பாணத்தில் நிரந்தரமாக வதியும் தமிழருக்கான சட்டம். முப்பது ஆண்டு இலண்டனில் வாழ்ந்தவர் இன்னும் அதற்குள் வருகிறாரா என்பதே முதலில் வாதத்துக்கு வரும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி போரினால் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அந்த இடப்பெயர்வைச் சொல்கிறவர்கள் இன்றும் "தேடின தேட்டமெல்லாத்தையும் விட்டிட்டு" என்றே தொடங்குகிறார்கள். உழைப்பை விட்டு வந்தோம் என்று எவரும் சொல்வதில்லை. பலர் சீலைப்பையில் சுற்றி எடுத்துவந்தது உறுதிக்கட்டு. உறுதி தொலைந்தவர்கள் திரும்பி வந்தபின் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க அலைந்தார்கள். வீடு போனாலும் தாள் இருந்தால் தேட்டம் இருக்கிறது என்ற அந்த நம்பிக்கைக்கு முன்னால், அந்தத் தாளில் யாருடைய பெயர் என்ற கேள்வி சின்னதல்ல.

சொல்லுக்கு வேறு வாழ்வும் உண்டு. ஈழத்துத் தமிழ் நூல்களைத் தேடிப் பதிவுசெய்யும் பணியைத் தொடங்கிய நூலகவியலாளர் என். செல்வராஜா, 2002 இல் முதல் தொகுதியை வெளியிட்டபோது அதற்கு நூல் தேட்டம் என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு தொகுதியிலும் ஆயிரம் நூல்கள். எரிந்தும் சிதறியும் போன புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து எல்லாருக்கும் பொதுவாக வைக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. தேட்டம் என்றால் பொதுவில் வைப்பது என்ற உணர்வு அந்தப் பெயரிலும் இருக்கிறது.

தேசவழமையை முழுதாக நீக்கிவிடவேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். ஓர் எழுத்தையும் தொடக்கூடாது என்று வேறு சிலர். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. தேசவழமை 1707 இலிருந்து மாறாமல் நின்ற ஒன்றல்ல. போர்த்துக்கேயர் காலத்தில் மாறியது, 1911 இல் மாறியது, 1947 இல் மாறியது. இன்னொரு தடவை மாறினால் வானம் இடிந்துவிடாது. கேட்கவேண்டிய திருத்தங்கள் இரண்டே. தனிச் சொத்தைக் காத்த 1947 இன் நல்ல பகுதியை வைத்துக்கொண்டு, விவாக காலத்தில் தேடியது இருவருக்கும் பொது என்ற 1911 இன் பிரிவைத் திரும்பக் கொண்டுவரவேண்டும். மனைவி தன் நிலத்தை விற்கக் கணவனின் கையொப்பம் வேண்டும் என்ற விதியை நீக்கவேண்டும். பொதுத் தேட்டத்தை விற்பதற்கு இருவரின் கையொப்பமும் வேண்டும் என்று வைத்தால் அதுவே நீதியாகும்.

சட்டம் திருந்தும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காரியமும் உண்டு. சண்டிலிப்பாயிலோ மானிப்பாயிலோ பண்டத்தரிப்பிலோ இனி ஒரு காணி வாங்கி உறுதி முடிக்கப் போகிறவர்கள், கொள்வனவாளர் என்ற இடத்தில் கணவன் மனைவி இருவரின் பெயரையும் எழுதும்படி நொத்தாரிசுவிடம் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து அற்றோணித் தத்துவம் அனுப்புகிறவர்களும் அதிலேயே இதைக் குறிப்பிடுங்கள்.